தெருவுக்கு ஒரு கார்

போன தை மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கிருந்தோ ஒரு பழைய அம்பாசிடரை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார்கள். போட்டோவில் நன்றாக விழுகிறது என்று பையன்கள் இப்போது இதைத்தான் விரும்புகிறார்களாம். 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்குக் கல்யாண வீடுகளில் மறுவாழ்வு கிடைத்திருப்பது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த வண்டியால் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. திருநெல்வேலி தச்சநல்லூரின் பழைய தெருக்கள் மாட்டுவண்டிக்கு இடம் விட்டுக் கட்டியவை. இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது, பல வண்டிகள் உறை போட்டு மூடியபடி. கல்யாண வீட்டுப் பையன்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அண்ணாச்சி, வண்டிய கொஞ்சம் பின்னால எடுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு வீட்டில் சாவி கிடைக்கவில்லை. இன்னொரு வீட்டில் பேட்டரி இறங்கிப்போய் வண்டி அசையவே இல்லை. மேளக்காரர்கள் தெருமுக்கில் நின்றபடியே இரண்டு பாட்டு வாசித்து முடித்தார்கள்.

நான் அந்த அம்பாசிடரின் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணாடி இறக்கியிருந்தது. வெயிலில் காய்ந்த ரெக்சின், டீசல், வாடத் தொடங்கிய மல்லிகை, டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழம் எல்லாம் கலந்த வாசனை உள்ளேயிருந்து வந்தது. அப்படியே கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி, யார் மடியிலாவது உட்கார வேண்டும்போல் இருந்தது. ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்கே ஒரு கார்தான் இருந்தது, அதுவும் இதே அம்பாசிடர்தான். அது யாருடைய காரும் இல்லை, எல்லோருடைய காரும்தான். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள்.

அது தொடங்கியதற்குக் காரணம் ஒரு பிரசவம். ஐப்பசி அடைமழை. நடுச்சாமத்துக்கு மேல் மேலவீட்டு மதினிக்கு வலி கண்டுவிட்டது. 108 என்ற எண்ணெல்லாம் தமிழ்நாட்டில் 2008-ல்தான் வந்தது. அன்றைக்கு வண்டி வேண்டுமென்றால் ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். அத்தான் கோணிச்சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். அவர் சிந்துபூந்துறை தாண்டி ஜங்ஷன் போய், தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை எழுப்பி, கூட்டி வருவதற்குள் தெருவே விழித்துக்கொண்டது. பெண்கள் மதினியைப் பிடித்துக்கொண்டு நடையில் நிற்கிறார்கள், ஆண்கள் ஒன்றும் செய்ய வகையில்லாமல் தெருமுக்கையே பார்க்கிறார்கள். வண்டி வந்தது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் குழந்தை பிறந்தது. அன்று பிறந்த பெண்ணுக்கு இப்போது கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறான்.

மறுநாள் சாயங்காலம் சார்வாள் வீட்டுத் திண்ணையில் இதே பேச்சு. எங்கள் பக்கத்தில் வாத்தியார்களைச் சார்வாள் என்றுதான் சொல்வது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சரித்திரப் பாடம் எடுத்தவர். முந்தின இரவு டாக்ஸி சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்துதான் பாளையங்கோட்டைப் பக்கம் போனது. அதிலிருந்தே ஆரம்பித்தார். தாமிரபரணியைக் கடக்கப் பரிசலுக்குக் காத்துக் கிடந்த ஜனங்களைப் பார்த்துவிட்டு, கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த ஒரு மனிதர் தன் கைப்பணத்தைப் போட்டு 1843-ல் கட்டிக்கொடுத்த பாலம் அது என்றார். "அவ்வளவு பணம் நம்மகிட்ட இல்ல. ஆனா சிதம்பரம் பிள்ளை செஞ்சது மாதிரி செய்யலாம்லா?" என்று அடுத்த பாடத்துக்குப் போனார்.

வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்த கதையை அவர் சொன்னதுபோல் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்காகப் பிரித்துப் பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என்று வைத்தார்கள். "ஏன் 25? பெரிய தனவந்தன் மட்டும் போட்டா அது அவன் கப்பல். 25 ரூபாய்னா நம்மள மாதிரி ஆளும் நானும் ஒரு கப்பல்காரன்னு சொல்லலாம்." காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடியதையும், 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தபோது திருநெல்வேலியே கொதித்து எழுந்ததையும் சொல்லி முடிக்கையில் அவர் குரல் தழுதழுத்தது. திண்ணையில் இருந்த தபால் ஆபீஸ் அண்ணாச்சி, "அப்ப நாமளும் ஒரு வண்டி வாங்கிருவோம்" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

மாருதி ஊருக்குள் தலைகாட்டத் தொடங்கிவிட்ட காலம். ஆனால் அதன் விலைக்கும் எங்கள் தெருவுக்கும் வெகுதூரம். சேர்ந்த வீடுகள் பத்துக்குக் கொஞ்சம் மேல். ஏற்கெனவே பெண்கள் நடத்திக்கொண்டிருந்த பாத்திரச் சீட்டின் வழியிலேயே மாதாமாதம் பணம் சேர்த்து, வண்டிச் சீட்டு என்று பெயர் வைத்தார்கள். பாதித் தொகை சேர்ந்ததும் தூத்துக்குடியில் ஒரு உப்பு வியாபாரியிடமிருந்து ஓடின டீசல் அம்பாசிடர் ஒன்று கிடைத்தது. மீதியைத் தபால் ஆபீஸ் அண்ணாச்சி சேமநிதியில் கடன் எடுத்துக் கொடுத்தார். அதனால் ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில்.

வண்டி வந்த அன்று கற்பூரம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். சந்தன நிறம். கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும், முன் சீட்டு ஒரே நீள பெஞ்சு, டிரைவரோடு தாராளமாக மூன்று பேர் உட்காரலாம். பின்னால் எத்தனை பேர் என்பது அன்றன்றைக்கு எத்தனை பிள்ளைகள் அழுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அடுத்த கேள்வி, சாவி யார் வீட்டில் இருப்பது? ஆர்.சி. இருப்பவர் வீட்டிலேயே சாவியும் இருந்தால் நாளாவட்டத்தில் அது அவர் வண்டியாகிவிடும் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். அந்தப் பெருந்தன்மையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். கடைசியில் நடுவீட்டு ஆச்சியிடம் கொடுத்தார்கள். ஆச்சி எப்போதும் வீட்டில் இருப்பார். அவருக்கு உறக்கம் குறைவு. எல்லார் வீட்டு நல்லது கெட்டதும் அவருக்குத் தெரியும். கோபக்காரர், ஆனால் ஓரவஞ்சனை கிடையாது. வெற்றிலைச் செல்லத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்துச் சாவியை மாட்டினார்கள். அதன் கீழே நூல் கட்டிய பென்சிலோடு ஒரு நீளக் கணக்கு நோட்டு. யார் எடுத்தது, எங்கே போனது, கிளம்பும்போது மீட்டர் எத்தனை, திரும்பும்போது எத்தனை என்று நாலு பத்தி. ஆச்சிக்கு எழுதத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பார். நானும் வாசித்திருக்கிறேன். பெருக்கல் வாய்ப்பாட்டைவிட அந்த மீட்டர் கழித்தல் கணக்குதான் எனக்கு முதலில் பிடிபட்டது.

நோட்டின் முதல் பக்கத்தில் சார்வாள் தன் அச்சுக் கையெழுத்தில் விதிகளை எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியும் பிரசவமும் முதலில். அடுத்து துஷ்டி, அதாவது சாவு வீடு. அதற்கு அடுத்துதான் கல்யாணம், கோயில், சொந்தக்காரர் வீடு. கடைசியில் குற்றாலம். டீசல் போகிறவர் செலவு, டிரைவர் பேட்டாவும் அவரே. டயர், ரிப்பேர், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் மாதச் சந்தாவிலிருந்து. திரும்பி வந்தால் வண்டியைக் கழுவி விட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: வண்டியில் காலி இடம் இருந்தால் தெருவில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அந்த விதி எங்கள் தெருவை எப்படி மாற்றியது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். விடியற்காலையில் ஒரு குரல் கேட்கும்: "வண்டி பாளையங்கோட்டைக்குப் போவுது, யாராவது வாரியளா?" பல் டாக்டரைப் பார்க்க நாள் தள்ளிக்கொண்டிருந்த சித்தி ஏறிக்கொள்வார். ஹாஸ்டல் பிள்ளைக்கு முறுக்கு கொடுத்துவிட ஒருவர் தூக்குவாளியோடு ஓடி வருவார். திருச்செந்தூருக்குப் போகிற வண்டியில், ஆழ்வார்திருநகரியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க ஒரு தகப்பனார் இறங்கிக்கொண்டு, சாயங்காலம் திரும்பும்போது அதே இடத்தில் வாழைத்தாரோடு நிற்பார். யார் எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இதில் சங்கடப்பட்டவர்களும் உண்டு. கடன் கேட்கப் போகிறவர்களும், பெண் பார்க்கப் போய்த் தட்டிப்போனவர்களும் பஸ்ஸில் போவதையே விரும்பினார்கள். அதையும் யாரும் கேட்டதில்லை.

சண்டை வராமல் இல்லை. ஒரு ஆடி மாதம், குற்றாலத்தில் நல்ல சாரல். ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வீடு எழுதியிருந்தது. ஒருவர் முதலில் எழுதினேன் என்கிறார், மற்றவர் வாயால் முதலில் சொன்னேன் என்கிறார். ஆச்சி இருவரையும் உட்காரவைத்து, சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயில் தன் வீட்டுக்காரர் முறைத்தண்ணீர் பாய்ச்சிய காலத்தைச் சொன்னார். "முறை தப்பினா வயலு காயும். முறைதான் முக்கியம்னு நின்னா பக்கத்து வயக்காரன் மொகம் காயும்" என்றார். பிறகு தீர்ப்பு: இரண்டு வீடும் சேர்ந்து போக வேண்டும், பெரியவர்கள் காரில், வாலிபப் பையன்கள் தென்காசி பஸ்ஸில் வந்து ஐந்தருவியில் சேர்ந்துகொள்ள வேண்டும். ஆலங்குளம் தாண்டும்வரை காருக்குள் யாரும் பேசவில்லையாம். பாவூர்சத்திரத்தில் புளிச்சோற்றுப் பொட்டலத்தை யாரோ பிரித்திருக்கிறார்கள். திரும்பி வந்த இரவு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் நான்.

மாதத்தின் முதல் ஞாயிறு கணக்கு வாசிப்பு. சார்வாள் வரவையும் செலவையும் உரக்க வாசிப்பார். சந்தா பாக்கி எவ்வளவு என்பதைச் சொல்வார், யார் பாக்கி என்பதைச் சொல்ல மாட்டார். ஒரு வீட்டில் மில் வேலை போய்ப் பல மாதம் கட்ட முடியவில்லை. அந்த வீட்டம்மா தானாகவே வண்டியைத் தினமும் துடைத்து வைக்க ஆரம்பித்தார். சார்வாள் அதைப் பார்த்துவிட்டு, 'பராமரிப்பு' என்று நோட்டில் ஒரு புதுப் பத்தி போட்டு, அவர் சந்தாவை அதில் வரவு வைத்தார். நல்ல கணக்கு என்றால் எனக்கு இன்றும் அந்தப் பக்கம்தான் ஞாபகம் வருகிறது.

இந்த ஏற்பாடு எப்படிச் செல்லுபடியாயிற்று என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த கீழவீட்டு மாமா இந்த விஷயத்தில் விடாப்பிடி. 1988-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தை அவர் வரி வரியாகப் படித்திருந்தார். வெள்ளை போர்டு வண்டியில் வாடகை வாங்கினால் பெர்மிட் இல்லாத குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்சும் கைவிட்டுவிடும் என்று எச்சரித்துக்கொண்டே இருப்பார். அதனால் வெளியாள் யாருக்கும் வண்டி கிடையாது, யாரிடமும் கூலி கிடையாது. சந்தா என்பது பராமரிப்புக்கு நாங்களே போட்டுக்கொள்ளும் பணம். அடுத்த தெருவில் ஒருவர் நல்ல தொகை தருகிறேன் என்று ராமேஸ்வரத்துக்கு வண்டி கேட்டபோது, மாமா கை கூப்பி மறுத்துவிட்டு, தானே போய் அவருக்கு ஒரு டாக்ஸி பேசிக் கொடுத்தார்.

வண்டியை நிறுத்தியது எந்தச் சண்டையும் இல்லை, வசதிதான். வங்கிகள் கார்க்கடனைக் கூப்பிட்டுக் கொடுக்கத் தொடங்கிய வருஷங்கள். முதலில் துபாய்க்குப் போன பிள்ளை அப்பாவுக்கு ஒரு சின்னக் கார் வாங்கினான். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகு அடுத்த வீடு. புதுக் கார் வந்த வீடு நோட்டில் எழுதுவது குறைந்தது, சந்தாவை மட்டும் மரியாதைக்குக் கட்டியது. காலி இடத்தைத் தெருவில் கூவிச் சொல்லும் பழக்கம் புதுக் கார்களுக்கு ஏனோ வரவில்லை. சார்வாள் காலமானார். அவரைச் சிந்துபூந்துறைக்கு எடுத்துச் சென்ற அன்று வெளியூர் ஜனங்களை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வந்ததுதான் அந்த அம்பாசிடரின் கடைசிப் பெரிய வேலை. அப்புறம் அதை விற்று, பங்குப்படி பிரித்துக் கொடுத்தார்கள். ஆச்சி தன் பங்கை வாங்கிச் சார்வாள் பெயரில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

நானும் பிறகு சொந்தக் கார் வாங்கினேன். எத்தனையோ நாள் அது வாசலிலேயே நிற்கும். வண்டியை வைத்துக்கொண்டே, திருச்செந்தூருக்குப் போக ஆள் துணை இல்லாமல் பெரியவர்கள் தவிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நோட்டுக்குப் போகும்.

மகள் சூரிக்கில் வேலையில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒருநாள் ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷன் பக்கத்தில் வரிசையாக நின்ற சிவப்புக் கார்களில் ஒன்றைத் தன் அட்டையைக் காட்டித் திறந்தாள். "யார் வண்டிம்மா இது?" என்றேன். "எங்க எல்லாரோட வண்டிப்பா" என்றாள். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

மொபிலிட்டி என்ற கூட்டுறவுச் சங்கத்தின் வண்டிகள் அவை. அங்கே இந்த யோசனை பழையது. கார் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் சேர்ந்து சூரிக்கிலேயே 1948-ல் ஒரு கூட்டுறவு தொடங்கியிருக்கின்றன. பிறகு 1987-ல் ஸ்டான்ஸ் என்ற சிற்றூரில் எட்டுப் பேர் கூடி ஆரம்பித்த சங்கமும், அதே வருஷம் சூரிக்கில் பிறந்த இன்னொரு சங்கமும் 1997-ல் ஒன்றாகி மொபிலிட்டி ஆயின. இன்றைக்கு நாடு முழுக்கச் சுமார் 3,000 வண்டிகள். சங்கத்தில் பங்குதாரராக வேண்டுமானால் 1,000 பிராங்க். எடுத்த நேரத்துக்கும் ஓடிய கிலோமீட்டருக்கும் காசு. வண்டியைக் குப்பையில்லாமல், அடுத்தவர் எடுக்கிற மாதிரி, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். ஸ்டான்ஸில் அந்த எட்டுப் பேர் கூடிய அதே காலகட்டத்தில்தான் எங்கள் திண்ணையிலும் பேச்சு நடந்தது. அவர்கள் எண்ணிக்கையைப் பெருக்கினார்கள், நாங்கள் விற்றுப் பிரித்துக்கொண்டோம். இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஸ்டான்ஸ் ஆட்களுக்கு இருந்த வைராக்கியம் தச்சநல்லூர் ஆட்களுக்கும் இருந்தது. அவர்களுக்கு இருந்த வழி எங்களுக்கு இல்லை. ஓட்டுநர் இல்லாமல் காரை வாடகைக்கு விட 1989-ல் நம் நாட்டில் வகுத்த திட்டத்தின்படி, உரிமம் கேட்பவரிடம் குறைந்தது 50 வண்டிகளாவது இருக்க வேண்டும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து போட்டு ஓடும் கார்கள் அந்த வகை. பெரிய கம்பெனிக்கு அது சரி. ஒரு தெருவோ ஒரு ஊரோ ஒன்றிரண்டு வண்டியோடு தொடங்கி வளர்வதற்கு அதில் இடமில்லை. சின்னக் கூட்டுறவுகளுக்கென்று தனியாக ஒரு வகை வேண்டும் என்பதை எங்கே பேசக் கிடைத்தாலும் பேசுகிறேன்.

தெரு மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். 2023 டிசம்பர் வெள்ளம் அந்த நினைப்பை மாற்றியது. 17, 18 தேதிகளில் விடாமல் கொட்டிய மழையில் ஜங்ஷன் பக்கம் முழுக்கத் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கியிருந்தார்கள். எங்கள் தெரு கொஞ்சம் மேடு, தண்ணீர் ஏறவில்லை. மேலவீட்டு மதினியின் பேரன், அந்த மழை இரவில் பிறந்தவளின் மகன், தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போட்டான். எந்த வண்டியில் டீசல் இருக்கிறது, எது எந்தப் பக்கம் போகிறது, எத்தனை இடம் காலி என்று வரிசையாக எழுதச் சொன்னான். உறை போட்டுக் கிடந்த கார்கள் எல்லாம் வெளியே வந்தன. பால் பவுடர், மருந்து, சோற்றுப் பொட்டலம், டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவர். எந்த வண்டி யாருடையது என்று அந்த வாரம் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பையன் கணக்கு நோட்டைப் பார்த்ததே கிடையாது. ஆனால் அவன் கேட்டவை அந்த நோட்டின் பத்திகளையும் விதிகளையும் ஒட்டியவைதான்.

தை மாதக் கல்யாணத்துக்குப் பிறகு, மறுபடி தெருவுக்கு ஒரு பொது வண்டி என்ற பேச்சு தீவிரமாகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் நாலு வீட்டுக்காரர்கள், தங்கள் கார்களை விற்றுவிட்டு எல்லோருமாக ஏழு பேர் உட்காரும் ஒரே வண்டி வாங்கச் சம்மதித்திருக்கிறார்கள். கண்பார்வை குறைந்துவிட்டதால் ஓட்டப் பயப்படுகிறவர்கள் அதில் இரண்டு பேர். ஓட்ட ஆள் இருக்கிறது, பேட்டா பேசியாகிவிட்டது. இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் கீழவீட்டுக்குக் குடிவந்திருக்கிறாள். யார் யார் ஓட்டலாம், எதெல்லாம் வாடகை என்று ஆகிவிடும் என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டாள். வடக்குப் புறவழிச்சாலை வந்துவிட்டதால் வண்ணார்பேட்டை வழியாக ஹைகிரவுண்டுக்குப் போவது இப்போது சுலபம், நடுச்சாமத்தில் ஓட அதுவே நல்ல பாதை என்று பையன் வரைபடத்தைக் காட்டினான். முன்பதிவுக்குப் போனிலேயே ஒரு ஏற்பாடு செய்துவிடலாம் என்றும் சொன்னான். நோட்டும் வேண்டும் என்று மதினி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

பழைய கேள்வி திரும்ப வந்தது. சாவி யார் வீட்டில்? எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கும் துஷ்டிக்கும் எந்நேரம்னாலும் வந்து கதவைத் தட்டுங்க. குத்தாலத்துக்குப் போறவங்க மட்டும் முந்தின நாளே வந்து எழுதிட்டுப் போயிருங்க."